கூண்டில் ஏறாத சாட்சி

ஹெவ்லொக் டவுனில் அண்மைக் காலத்தில் எழுந்த தொடர்மாடிகளுள் ஒன்றில், நான் நன்கறிந்த குடும்பமொன்றின் வீட்டில் மூன்றாண்டுகளாக வேலை செய்துவந்த பெண் ஒருவர் திடீரென நிறுத்தப்பட்டார். மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். வீட்டில் ஒரு தங்கக் காப்பைக் காணவில்லை. வீட்டுக்காரர் கீழ்த்தளத்துக்குச் சென்று, காவலாளியின் அறையிலுள்ள கண்காணிப்புக் கமெராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார். மாலை ஐந்து மணிக்கு அப்பெண் கைப்பையை மார்போடு அணைத்தபடி மின்தூக்கியிலிருந்து வெளியேறுவது அதில் தெரிந்தது. அவ்வளவுதான். பொலிஸுக்கு யாரும் போகவில்லை, வழக்கும் இல்லை. அந்த மாதச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. "கமெரா பொய் சொல்லாது" என்று வீட்டுக்காரர் என்னிடம் கூறினார். அவர் கொடியவரல்லர், நூல்கள் படிப்பவர், மேதினக் கூட்டங்களுக்கும் ஒரு காலத்தில் வந்தவர்.

பொய் சொல்லாத சாட்சி என்ற இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதியை இந்த ஹெவ்லொக் வீதியிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே தொடங்கிச் சொல்லிவிடலாம்.

இவ்வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த சேர் ஆதர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர்; பின்னர் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராகச் சென்றார். நெல்வரி ஒழிக்கப்பட்டது அவர் காலத்தில் என்பதை உழவர் மக்கள் நினைவில் வைத்திருக்க நியாயம் உண்டு. அவர் ஆட்சி முடிந்த 1895ஆம் ஆண்டு நமக்கு வேறு இரண்டு காரணங்களுக்காக முக்கியமானது. கொழும்புக் கோட்டையில் மின்சாரம் விலைக்கு வழங்கப்படத் தொடங்கியது அவ்வாண்டில். இன்றளவும் நமது நீதிமன்றங்களில் சாட்சியத்துக்கு இலக்கணமாக விளங்கும் சான்றுக் கட்டளைச் சட்டம், 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கமாக, இயற்றப்பட்டதும் அவ்வாண்டில்தான். மின்விளக்கும் சாட்சியச் சட்டமும் இந்நகருக்கு ஒரே வயதுப் பிள்ளைகள். ஒன்றையொன்று அறிந்துகொள்ள அவற்றுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

அச்சட்டம் இங்கே பிறந்ததன்று. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயர் 1872இல் இந்தியாவுக்கென வரைந்த சாட்சியச் சட்டத்தின் வார்ப்பே அது. அதன் 60ஆம் பிரிவு மிக எளிய ஒரு விதியைச் சொல்கிறது: கண்டதைப்பற்றிய சாட்சியமாயின் கண்டவரே வந்து சொல்லவேண்டும், கேட்டதைப்பற்றியதாயின் கேட்டவரே வரவேண்டும். அவர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வார். மறுதரப்புச் சட்டத்தரணி அவரைக் குறுக்குவிசாரணை செய்வார். அவர் தடுமாறுவதையும் வியர்ப்பதையும் நீதிபதியும் ஜூரிமாரும் பார்ப்பர். 25ஆம் பிரிவு இன்னுமொரு படி மேலே செல்கிறது: பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது. ஏகாதிபத்தியம் தன் சொந்தப் பொலிஸையே நம்பாமற் செய்த ஏற்பாடு இது. நம்பாமைக்குக் காரணம் இருந்தது. வரி வாங்குவதற்கும் ஒப்புதல் வாங்குவதற்கும் கீழ்நிலை அதிகாரிகள் குடியானவர்களை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்பதைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக்குழு 1855இல் அறிக்கையாகவே வெளியிட்டிருந்தது. தமிழ் நாட்டு உழவனின் முதுகில் விழுந்த அடிகளுக்கும் அந்த 25ஆம் பிரிவுக்கும் தொடர்பு உண்டு. ஆட்சியாளரின் கருணையால் மட்டும் எழுதப்பட்ட சட்டப் பிரிவுகள் மிகச் சில.

இந்தச் சட்டத்துக்குள் விஞ்ஞானம் 45ஆம் பிரிவின் வழியாக, நிபுணரின் கருத்து என்ற பெயரில், பணிவாக நுழைந்தது. அது தலைநிமிர்ந்து நின்ற நாளைக் காண ஹெவ்லொக் டவுனிலிருந்து காலி வீதியை நோக்கிச் சற்றே நடந்து, பம்பலப்பிட்டியின் சென்ற் அல்பன்ஸ் பிளேசுக்குப் போகவேண்டும்.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி, அத்தெருவின் வீடொன்றில், கராஜுக்குள், ஒரு குடும்பப் பெண் இறந்து கிடந்தார். கழுத்தின்மேல் உரல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவர் கணவர் மகாதேவ சதாசிவம், இலங்கை கண்ட துடுப்பாட்டக்காரருள் முதல்வரிசையில் வைக்கப்படுபவர். 1947இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்புக்கு வந்தபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். அவ்வீட்டின் வேலைக்காரன் தென்மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த இளைஞன் வில்லியம். எஜமானும் வேலைக்காரனும் இருவருமே கைதாயினர். பின்னர் வில்லியத்துக்கு நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவன் முடியின் சாட்சியானான். எஜமான் கொன்றார், தான் உதவினேன் என்பது அவன் கூற்று. எஜமான் போனபின் அவனே கொன்றான் என்பது எதிர்த்தரப்பின் வாதம். மேல்மாடிப் படுக்கையறையிலா, கீழே குசினியிலா என்ற கேள்வியில் ஒரு வீட்டின் இரண்டு வர்க்கங்களும் எதிரெதிரே நின்றன எனலாம்.

சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டைவிட்டுச் சென்றமை நிலைநாட்டப்பட்டிருந்தது. ஆகவே முழு வழக்கும் ஒரேயொரு கணக்கில் வந்து தங்கியது: மரணம் நிகழ்ந்தது எத்தனை மணிக்கு? உடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது, தசைகள் எவ்வளவு விறைத்திருந்தன, காலையுணவு எந்த அளவுக்குச் சீரணித்திருந்தது என்ற மூன்று கடிகாரங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்டமருத்துவப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம் ஒரு நேரத்தைச் சொன்னார். அதனை மறுப்பதற்கு எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் விமானமேறி வந்தார். அவர் எகிப்தில் பணிபுரிந்து புகழீட்டியவர். 1959இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் இவ்வழக்கையும் சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் குளிரில் எழுதப்பட்ட பாடநூல்கள் சொல்லும் கணக்கு, கொழும்பின் ஒக்டோபர் வெக்கையில் கிடந்த உடலுக்குப் பொருந்துமா என்பது அன்று உண்மையிலேயே விடை காணப்படாத வினா. மனிதவுடல் இங்கே குளிர்வதற்கு அதிக நேரமெடுக்கும். எவ்வளவு அதிகம்?

விடை தேடப்பட்ட விதத்தை நம் ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். மரணம் நேர்ந்த நிமிடம் திட்டமாகத் தெரிந்த உடல்கள் வேண்டும். அத்தகைய உடல்கள் ஓரிடத்தில்தான் தவறாமற் கிடைத்தன: தூக்குமேடையின் கீழ். பேராசிரியர் டி சேரமும், அவருடன் பணியாற்றிய வெப்ஸ்ரர், கதிர்காமத்தம்பி என்போரும் கொழும்பில் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்வெப்பத்தை மணிக்கு மணி அளந்து, அதன் பெறுபேறுகளை 1955இல் அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். வெப்பநாட்டில் மரண நேரத்தைக் கணிப்பது பற்றிய ஆய்வுகளில் அது இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. விஞ்ஞான முறையில் அதைக் குறைகூற நான் வரவில்லை. அது நேர்மையான அளவை. ஆயினும் இந்த நாட்டில் தூக்குமேடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் எந்த வீடுகளிலிருந்து போனார்கள் என்பது நமக்குத் தெரியும். பெயரற்ற அந்த நாற்பத்தொரு பேர் தாம் குளிர்ந்த வேகத்தைக் கொண்டு பிறர் வழக்குகளுக்குச் சாட்சி சொன்னார்கள். அவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. தங்கள் வழக்கில் அவர்களுக்கு எடின்பரோவிலிருந்து எவரும் வந்ததுமில்லை.

எதிர்த்தரப்பை நடத்தியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியோருள் ஒருவர். மார்க்சியத் தலைவர் ஒருவர் எஜமானுக்காக வாதாடி, வேலைக்காரனைக் குறுக்குவிசாரணையில் உடைத்தெறிந்தது அக்காலத்தில் சிலருக்கு உறுத்தலாக இருந்திருக்கக்கூடும். எனக்கு அதிலே முரண்பாடு தெரியவில்லை. தூக்குக்கயிறு காத்திருக்கும் ஒருவருக்காக வாதாடுவது சட்டத்தரணியின் கடமை. அரசின் சாட்சி எந்த வர்க்கத்தவராயினும் அவர் சொல் சோதிக்கப்படவேண்டும். உடந்தைக் குற்றவாளியும் சாட்சியாகலாம் என்று சான்றுச் சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்கிறது. அவன் சொல்லைத் தனித்து நம்புவது ஆபத்து என்று 114ஆம் பிரிவின் உதாரணமொன்று எச்சரிக்கிறது. 1953 யூன் மாதம், நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில், ஜூரிமார் சதாசிவத்தை விடுதலை செய்தனர். இருபது மாதங்களை அவர் மறியலிற் கழித்திருந்தார். குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நான் காண்பது இதனை: அந்த வழக்கில் விஞ்ஞானம் இரண்டு வாயால் பேசியது, இரண்டு வாயும் கூண்டில் ஏறின, இரண்டும் குறுக்குவிசாரணைக்கு உள்ளாயின. வெப்பமானி நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதைக் கையிற் பிடித்த மனிதனும் கூடவே வந்தான்.

அடுத்து வந்த பொறிகள் அந்த மனிதனைச் சிறிது சிறிதாக மறையச் செய்தன.

ஒலிப்பதிவு நாடாவை எடுத்துக்கொள்வோம். பம்பாய் மாநகராட்சி எழுதுவினைஞர் ஒருவருக்கு நூறு ரூபாய் இலஞ்சம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். எழுதுவினைஞர் பொலிஸாருக்கு அறிவித்தார். அவருடைய வீட்டில் நூல்களுக்குப் பின்னே ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டது. உள்ளறையில் அதிகாரிகள் காத்திருந்தார்கள். இவ்வழக்கில் 1967இல் தீர்ப்பளித்த இந்திய உச்சநீதிமன்றம், நாடாவிற் பதிந்த உரையாடலை ஏற்றுக்கொண்டது. நாடா அழிக்கவும் ஒட்டவும் இடங்கொடுப்பது, ஆகவே அதை முத்திரையிட்டுக் காக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் உண்டு. அந்த வழக்கில் நாடா முத்திரையிடப்பட்டிருக்கவில்லை! ஆயினும் உரையாடலில் பங்குகொண்ட எழுதுவினைஞரே வந்து சாட்சி சொன்னார் என்பதால் ஒருவகையில் ஐயம் தீர்ந்தது. மனிதன் இன்னும் முற்றாக மறையவில்லை. வீட்டின் புத்தக அலுமாரி அரசின் காதாக மாறக்கூடும் என்பது மட்டும் அன்றே தெரிந்துபோயிற்று.

இங்கிலாந்தில் இதே காலத்தில் எழுந்த இன்னொரு வழக்கு நமது வாசகர்களுக்குச் சுவையானதாக இருக்கும். திருட்டுக் கார்களுக்கு உடைந்த கார்களின் அடையாளத்தை மாட்டி விற்ற கூட்டம் பிடிபட்டது. எந்த இயந்திரத்துக்கு எந்த எண் என்பதைத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் அட்டைகளில் குறித்து வைத்திருந்தனர். அட்டைகள் நுண்படச் சுருளிற் பதிக்கப்பட்டிருந்தன. பிரபுக்கள் சபை 1964இல் அப்பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. எண்ணைப் பார்த்து எழுதிய தொழிலாளி யாரென்று எவருக்கும் தெரியாது. தெரியாதவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே அது கேள்விச் சாட்சியம். ஆலையின் ஓடும் வரிசையில் நின்ற தொழிலாளிக்குப் பெயர் இல்லாமற்போனதை முதலாளித்துவத்தின் உயர்ந்த நீதிமன்றமே ஒத்துக்கொண்டது இங்கே. விரைவில் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பெயரில்லாத பதிவை ஏற்கத்தக்கதாக்கினார்கள்.

நம் நாட்டில் அந்தக் கேள்வி கணினி வடிவில் 1979இல் வந்தது. பென்வெல் என்பவரை அவுஸ்திரேலியாவிடம் ஒப்படைப்பது பற்றிய வழக்கிலே, கணினி தந்த பதிவுகள் சாட்சியமாக முன்வைக்கப்பட்டன. நீதியரசர் கொலின் தோமே அவற்றை 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் எந்தப் பெட்டிக்குள்ளும் அடக்கமுடியாது என்று கண்டார். கணினிச் சான்று தனி வகை. அதில் யாரும் கைவைக்கவில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். நமது சட்டத்தில் அதற்கு வழியில்லை. பழைய சட்டம் புதிய பொறியின் முன் கைவிரித்து நின்றது. பிற்போக்கு என்று அதனைச் சிரிக்கலாம். எனக்கென்னவோ அந்தத் தயக்கத்தின்மீது மதிப்பு உண்டு.

ஏனெனில் அதே 1979இல், அதே நாட்டில், தயக்கமேயில்லாத வேறொரு சட்டம் பிறந்தது. பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், இலக்கம் 48. "தற்காலிக" என்ற சொல்லைத் தலைப்பில் சுமந்துகொண்டே அது 1982இல் நிரந்தரமாயிற்று. அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்யப்பட்ட ஒப்புதலை ஏற்கத்தக்கதாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையிலேயே ஏற்றியது. சென்னை மாகாணத்து உழவனின் முதுகு பெற்றுத்தந்த பாதுகாப்பு ஒரு பிரிவினால் அகன்றது.

அந்தப் பிரிவின் கீழ் இயங்கிய பொறி கணினியன்று. தட்டச்சு இயந்திரமும் பெருவிரலும்.

சிங்கராசா என்பவரின் வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவரை சென்றது. ஆகவே அதன் விபரங்கள் உலகறிந்தவை. 1993 யூலையில், மட்டக்களப்புப் பகுதியில் நடந்த சுற்றிவளைப்பொன்றில் பலரோடு கைதானார். அவ்வாண்டு டிசெம்பரில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவர் கேள்வி கேட்க, பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவரே மொழிபெயர்ப்பாளராக, ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாயிற்று. சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வாசிக்கத் தெரியாத அந்தத் தாளின் அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. வேறு சாட்சியம் இல்லை. உடலிலிருந்த தழும்புகளை மருத்துவ அறிக்கை குறிப்பிட்டிருந்தும், 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஐம்பதாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென்று ஐ.நா. குழு 2004இல் கூறியது. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிடும் உரிமையை ஏற்று அரசு 1997இல் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி மனுவைத் தள்ளியது.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பழைய செய்திகள் ஞாபகத்துக்கு வரும். தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகை அமைத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா. பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் சென்று, உயிரும் மெய்யும் கொம்பும் சுழியுமாக விரியும் நம் எழுத்துக்களை ஓர் இயந்திரத்தின் சில விசைகளுக்குள் அடக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அவர் அமைத்த பொறிகள் ஜெர்மனியில் உருவாகித் தமிழர் வாழ்ந்த நாடுகளுக்கெல்லாம் சென்றன. ஓர் இலங்கைத் தமிழர் தம் மொழிக்குத் தட்டச்சுக் கண்டு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இன்னோர் இலங்கைத் தமிழரின் விதி அவருக்குப் புரியாத மொழியில் தட்டச்சாயிற்று. பொறி இருக்கவில்லை என்று எவரும் சொல்லமுடியாது.

மற்றது பெருவிரல் பற்றியது. கையடையாளத்தை ஆட்சிக் கருவியாக்கும் எண்ணம் வங்காளத்தில் பிறந்தது. 1858இல் வில்லியம் ஹேர்ஷெல் என்ற அதிகாரி, வீதிக்குக் கல் வழங்க ஒப்புக்கொண்ட வங்காளி ஒருவர் பின்னர் மறுத்துவிடாதிருக்க, அவருடைய உள்ளங்கையை மையிற் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்தார். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதலாவது கைரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைச் செய்து கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய ஊழியர்கள். பெயர் நிலைத்தது மேலதிகாரி எட்வேர்ட் ஹென்றிக்கு. குடியேற்ற ஆட்சிக்குக் குடிமகனின் சொல் வேண்டியிருக்கவில்லை, விரல் போதுமாயிருந்தது. விரல் யாருடையது என்பதை ரேகை பிழையின்றிச் சொல்லும். அந்த விரலைப் பிடித்துத் தாளில் அழுத்திய கை யாருடையது என்பதைச் சொல்லாது.

கணினியைப் பற்றிய சட்டத்தின் தயக்கம் நீடிக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சான்றையும் ஏற்றுக்கொண்டது. அது நிதானமான சட்டம். இவ்வாறான சான்றைக் கொண்டுவர விரும்புவோர் விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்கவேண்டும். மறுதரப்பு அச்சான்றையும் அதைத் தந்த பொறியையும் பார்வையிடக் கேட்கலாம். பொறியைக் கூண்டில் ஏற்ற முடியாவிட்டாலும் அதன் மூடியையாவது திறந்து பார்க்கலாம் என்பது அதன் பொருள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வணிகத்தின் அவசரத்தில் எழுந்தது. அது பொருந்துமிடங்களில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. மின்னணுப் பதிவிலுள்ள தகவல் உண்மையென்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. சிறு வசனந்தான். சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறிவிட்டது.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இச்சட்டம் பொருந்தாத விடயங்கள் என்று ஒரு நிரல்: மரணசாசனம், அற்றோணித் தத்துவம், நம்பிக்கைப் பொறுப்பு, அசையாச் சொத்தின் விற்பனை! காணி கைமாற வேண்டுமானால் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி இன்றும் தாளும் மையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பொறியின் சொல் வாடிக்கையாளனுக்கும் ஊழியனுக்கும் எதிராக உண்மையென அனுமானிக்கப்படலாம். ஹெவ்லொக் வீதியில் ஆறு பேர்ச் காணியை அதன் கையில் ஒப்படைக்க எவருக்கும் துணிவில்லை. சட்டத்துக்கு எது பெறுமதியானது என்பதை அறிய அதன் விதிவிலக்குகளைப் படித்தாற் போதும்.

இந்த அனுமானம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரித்தானியா விலை கொடுத்திருக்கிறது. அங்கே கணினிச் சான்றைக் கொண்டுவருவோர் அது சரியாக இயங்கியதென்று காட்டவேண்டும் என 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. அவ்விதி 1999இல் நீக்கப்பட்டது. பொறி சரியாக இயங்கியதென்ற அனுமானம் அதன் இடத்தைப் பிடித்தது. அதே 1999இல் அஞ்சல் நிறுவனம் தன் உபதபாலகங்களில் ஹொரைசன் என்னும் கணக்குப் பொறியைப் புகுத்தத் தொடங்கியது. பொறி இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. 2015 வரையான காலத்தில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உபதபாலதிபர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாயினர். சிறிய கடையோடு தபாலகத்தையும் நடத்திவந்த சாதாரண மனிதர்கள்; நம் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் வீடு இழந்தனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். தனக்கு மட்டுந்தான் இவ்வாறு நேர்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பவைக்கப்பட்டனர். அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, கூட்டாக வழக்காடி, 2019இல் வென்றபின்தான் பொறியின் பிழைகள் நீதிமன்றத்தில் வெளிப்பட்டன. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 தீர்ப்புகள் இரத்தாயின. 2024இல் எஞ்சியவற்றைத் துடைக்கப் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. தனித்தனியே நின்றபோது பொறியிடம் தோற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்தபோது வென்றார்கள் என்பதை நமது தொழிற்சங்கத் தோழர்கள் கவனித்தல் நன்று.

தொடர்மாடியில் வேலையிழந்த அப்பெண்ணை நான் பின்னொருநாள் வெள்ளவத்தைச் சந்தையருகே கண்டேன். வேறொரு வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தார். கடிதம் எழுதித் தரவா, தொழில் திணைக்களத்துக்குப் போவோமா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"தெனமும் வெளிய போறப்ப கேட்டுல பைய தொறந்து காட்டித்தான் ஐயா போவேன். காவக்காரரு பையில கைய விட்டுப் பாப்பாரு. அன்னிக்கும் பாத்தாரு. அதுவும் அந்தப் பெட்டியில பதிஞ்சிருக்குமில்ல? அதையும் போட்டுக் காட்டச் சொல்லுங்களேன்."

அன்று மாலையே போய்க் கேட்டேன். காவலாளி மரியாதையாகவே பேசினார். வாயிலிலும் ஒரு கமெரா உண்டென்றார். வேலைக்காரரின் பைகளைப் பார்ப்பது வழக்கந்தான் என்றார். மின்தூக்கிப் பதிவை வீட்டுக்காரர் தம் கைத்தொலைபேசியில் பிரதிசெய்து வைத்திருந்தார். வாயிற் பதிவை எவரும் கேட்கவில்லை. பொறி பதினான்கு நாட்களுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லையாம். பழையதன்மேல் புதியதைத் தானாகவே எழுதிக்கொண்டு போகுமாம். நான் போனது பதினாறாம் நாள்.